பின்சில்லு பிரேக்கை மாற்றலாமா?

என்னிடம் முன்னொரு காலத்தில் படித்த மாணவர் ஒருவர், நானுஓயா புகையிரத நிலையத்தில் வந்திறங்கும் உல்லாசப் பயணிகளைத் தம் காரில் ஏற்றிச் சென்று பிழைப்பு நடத்தி வருகிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில் அவர் என் வீட்டிற்கு வந்தார். வந்தவர் உட்காரவுமில்லை. "சேர், காரின் பின்சில்லு இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் போடப் போகிறேன். பஞ்சிகாவத்தையில் பழைய செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வந்தேன்" என்றார்.

வரலாறும் தமிழும் படித்துப் பட்டம் பெற்ற ஒருவனிடம் இத்தகைய கேள்வியைக் கேட்பானேன் என்று நேயர்கள் வியக்கக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக் பூட்டிய பழைய மொரிஸ் மைனர் கார் ஒன்றை இம்மலைப்பாதைகளில் நெடுங்காலமாக ஓட்டி வருபவன் நான். அந்தக் கார் எனக்குக் கற்பித்ததை எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்கவில்லை. போதாதென்று எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரையும், கராஜ் வைத்திருக்கும் பாஸ் ஒருவரையும் ஓயாது கேள்வி கேட்டு அலுப்பூட்டியவன். பிரேக் என்பதைத் தடுப்பு என்று தமிழில் சொல்லலாம். ஆனால் அந்தப் பாஸிடம் போய், "பின்தடுப்பு பழுதாகிவிட்டது" என்று கூறினால் அவர் மதில் சுவரைத்தான் தேடுவார். ஆகவே வழக்கிலுள்ள சொற்களையே நானும் இங்கு எடுத்தாளுகின்றேன்.

அந்த இளைஞருக்கு இவ்வெண்ணம் தோன்றியது வீண் ஆசையால் அன்று. 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி மாலை, நானுஓயாவிலிருந்து ரதல்லைக்கு இறங்கும் குறுக்கு வீதியில், சுற்றுலா வந்த மாணவர்களை ஏற்றிய பஸ் ஒன்று வான் ஒன்றுடனும் முச்சக்கர வண்டி ஒன்றுடனும் மோதியது. எழுவர் உயிர் நீத்தனர். பஸ்ஸின் பிரேக் செயலிழந்தது என்று அந்நாட்களில் செய்திகள் வெளியாயின. அதன்பின் கனரக வாகனங்கள் அவ்வீதியைப் பயன்படுத்துவது தடுக்கப்பட்டது. அன்றிலிருந்து இப்பகுதியில் கார் வைத்திருப்போர் பலருக்கும் பிரேக்கைப் பற்றிய அச்சம் மனத்தின் ஓரத்தில் குடிகொண்டிருக்கிறது. அச்சம் நல்லதுதான். ஆனால் அது எந்தத் திசையில் நம்மைச் செலுத்துகிறது என்பதே கேள்வி.

முதலில் இவ்விரு பிரேக்குகளும் எவ்வாறு வேலை செய்கின்றன என்று பார்ப்போம். டிரம் என்பது சில்லுடன் சேர்ந்து சுழலும் ஓர் இரும்புக் கிண்ணம். அதன் உள்ளே பிறை வடிவான இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. காலால் மிதித்தவுடன் பிரேக் எண்ணெயின் அழுத்தம் அந்த ஷூக்களை வெளிப்புறமாக விரிக்க, அவற்றின் மேல் ஒட்டப்பட்ட லைனர் கிண்ணத்தின் உட்சுவரில் உராய்ந்து சில்லை நிறுத்துகின்றது. டிஸ்க் என்பதோ சில்லுடன் சுழலும் ஒரு தட்டு. அத்தட்டை இரு புறத்திலும் இரண்டு பேட்கள் கவ்விப் பிடிக்கின்றன. சைக்கிள் ரிம்மை இரு புறமும் கவ்வும் பிரேக்கைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

டிஸ்க் பிரேக் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்ற பொறியியலாளர் 1902ஆம் ஆண்டிலேயே அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். எனினும் 1953ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்து லெ மான் நகரில் நடைபெற்ற இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பின்னரே உலகம் அதனைத் திரும்பிப் பார்த்தது. 1955இல் வெளிவந்த சிட்ரோயன் கார் ஒன்று முன்சில்லுகளில் அதனைப் பொருத்திக்கொண்டு வந்தது. இன்று நம் வீதிகளில் ஓடும் சிறு கார்களுட் பல முன்னே டிஸ்க்கும் பின்னே டிரம்மும் கொண்டவை. என் மாணவரின் காரும் அவ்வகையைச் சேர்ந்ததே.

இனி, மலையில் இறங்கும்போது நிகழ்வது யாது என்று காண்போம். நானுஓயா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீற்றர் உயரத்தில் உள்ளது. தலவாக்கலையோ சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆட்களோடும் பெட்டிகளோடும் 1,200 கிலோ எடையுள்ள கார் ஒன்று இந்த 400 மீற்றரையும் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது பெற்றோலைச் செலவிட்டு நாம் சேர்த்து வைத்த சக்தி முழுவதும் இறங்கும்போது எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும். காற்றும் பாதையும் ஒரு பங்கைத் தின்னும். எஞ்சினைத் தின்ன விட்டால் அதுவும் ஒரு பெரும்பங்கைத் தின்னும். எஞ்சியது முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறும்.

அந்த வெப்பம் எவ்வளவு? விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். முழுவதும் பிரேக்கிலேயே விழுவதாகக் கொண்டால், ஏறக்குறைய 15 லீற்றர் குளிர்நீரைக் கொதிக்க வைக்க அது போதும். (எங்கள் ஊரில் தண்ணீர் 95 பாகையை அண்மித்தே கொதித்துவிடும். தேநீர் இலை விளையும் உயரத்தில் தேநீர் கொதிநீருக்குச் சூடு சற்றுக் குறைவு என்பது ஒரு வேடிக்கை.) வேறு விதமாகச் சொன்னால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் அதே காரைச் சமதரையில் 28 தடவை நிறுத்துவதற்குச் சமம். கொழும்பில் ஒருவர் ஒரு நாள் முழுவதும் பிரேக் பிடிக்கும் கணக்கு இங்கே அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கொழும்பில் பல்லாண்டு காலம் பிசகின்றி ஓட்டியவர், ரதல்ல வளைவுகளில் வந்து தடுமாறுவதன் இரகசியம் இதுவே.

வெப்பம் ஏறினால் டிரம்முக்கு என்ன நேரும்? இரும்பு விரியும். கிண்ணம் விரியும்போது அதன் உட்சுவர் ஷூவை விட்டு விலகிச் செல்லும். ஆகவே பெடல் முன்னிலும் ஆழமாக இறங்கும். அத்துடன் லைனரும் மிகச் சூடானால் அதன் உராய்வு குன்றும். டிரம் மூடிய கிண்ணமாதலால் உள்ளே சேர்ந்த வெப்பம் வெளியேறுவதும் தாமதம். டிஸ்க்கோ திறந்த வெளியில் காற்றில் சுழல்கிறது. அது விரிந்தாலும் பேட்டை நோக்கித் தடிக்குமேயன்றி விலகாது. மழைநீரையும் அது உதறித் தள்ளிவிடும். இந்த அளவில் என் மாணவரின் எண்ணம் முற்றிலும் சரியே.

ஆனால் எந்தச் சில்லு சூடாகிறது என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. இங்கே எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், பரீட்சை வேலையாகத் தலவாக்கலைக்கு அவசரமாகச் சென்றுகொண்டிருந்தேன். மூன்றாவது கியரில் வண்டியை விட்டுவிட்டு, வழிநெடுகக் காலைப் பிரேக்கின் மேலேயே வைத்திருந்தேன். கருகிய மணம் ஒன்று வந்தது. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வருவது என்று எண்ணினேன். அடுத்த வளைவில் பெடலை மிதித்தபோது அது பஞ்சு மூட்டையை மிதித்ததுபோல் உள்ளே சென்றது. எப்படியோ கியரைக் குறைத்து, கைப்பிரேக்கையும் இழுத்து, கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒன்றின் அருகே பள்ளத்தை அடுத்த புல்தரையில் வண்டியை நிறுத்தினேன். மடுவத்திலிருந்த பெண்கள் ஓடி வந்தனர். "மாஸ்டர், முன்சில்லு ரெண்டுலயும் பொகை வருது!" என்று ஒருவர் கூவினார். சிறுவன் ஒருவன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தான். அங்கு நின்ற முதிய லொறிச் சாரதி ஒருவர் அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். கொதிக்கும் இரும்பில் குளிர்நீர் விழுந்தால் டிரம் வெடித்துவிடும் என்றார். முக்கால் மணி நேரம் அந்தப் புல்தரையில் அமர்ந்திருந்தேன். தவறு முழுவதும் என்னுடையதே.

புகை வந்தது முன்சில்லுகளில். பின்சில்லுகள் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தன. காரணம் எளிது. வண்டியை நிறுத்தும்போது நம் உடல் முன்னே சாய்வதுபோல், வண்டியின் பாரமும் முன்னே சாய்கிறது. சமதரையில் நிற்கும்போது முன்சில்லுகள் நூற்றில் 55 பங்கைச் சுமக்குமாயின், பலமாகப் பிரேக் பிடிக்கும்போது 70 பங்கு அவற்றின் மேல் விழக்கூடும். இறக்கத்தில் இன்னும் அதிகம். பாரம் குறைந்த பின்சில்லு, பாதையைப் பற்றும் பலமும் குறைந்தது. அதனாலேயே காரை அமைப்பவர்கள் பின்பிரேக்குக்குச் சிறு பங்கு வேலையையே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சிறு பங்குக்கு டிரம் தாராளமாகப் போதும். மலிவானது என்பதற்காக மட்டும் அதனை வைத்தார்கள் என்று எண்ணுவது சரியன்று. 2020ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்த, விலை குறையாத வொக்ஸ்வாகன் மின்சாரக் கார்கள் சிலவற்றிலும் பின்னே டிரம்தான் இருக்கிறது.

பின்சில்லுக்கு அளவுக்கு மீறிய பலம் கொடுத்தால் என்ன ஆகும் என்பது இதைவிட முக்கியமானது. ஈரப் பாதையில் முன்சில்லு இறுகி வழுக்கினால், வண்டி திருப்பத்துக்குப் பணியாமல் நேரே வழுக்கிச் செல்லும். அது ஆபத்துத்தான். காலைச் சற்றே தளர்த்தினால் சில்லு மீண்டும் உருளும். வண்டியும் கைக்குப் பணியும். ஆனால் பின்சில்லு முந்தி இறுகினாலோ வண்டியின் பின்புறம் முன்புறத்தை முந்தப் பார்க்கும். வண்டி பம்பரம்போல் சுழலும். பனிமூட்டத்தில், ஒரு பக்கம் மலைச்சுவரும் மறுபக்கம் தேயிலைச் சரிவுமாக உள்ள வீதியில், எத்துணைத் தேர்ந்த சாரதியும் அதனைத் திருத்த இயலாது. ஆகவே முன்சில்லே முந்தி இறுகவேண்டும் என்பது பிரேக் அமைப்போரின் முதல் விதி. அதைக் காப்பதற்கென்றே பின்னோக்கிச் செல்லும் எண்ணெயின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று பல கார்களில் உண்டு. ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அக்காரியத்தைச் செய்யும் கணினி, அதே வண்டியின் அதே பிரேக்குகளுக்கென்று கணக்கிட்டு அமைக்கப்பட்டது. நாம் வேறு பிரேக்கைப் பூட்டினால் அதற்கு அது தெரியாது.

இவ்வளவும் கேட்டபின் என் மாணவர் சற்றே மனம் தளர்ந்தார். "அப்படியானால் செய்யவே கூடாதா, சேர்?" என்றார். செய்யலாம். ஆனால் அது பின்சில்லோடு முடிகிற வேலை அன்று.

டிரம்மையும், ஷூவையும், அவற்றைத் தாங்கும் பின்தகட்டையும் கழற்றிவிட்டு, டிஸ்க்கையும் அதைக் கவ்வும் கலிப்பரையும் பூட்டவேண்டும். கலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் அந்த அச்சுக்கென்றே வார்க்கப்பட்டதாக இருக்கவேண்டும். இரும்புத் தகட்டை வெட்டி ஒட்டவைத்துச் செய்ததை நான் ஒருபோதும் நம்பமாட்டேன். சில்லு நிறுத்தப்படும்போது அந்த விசை முழுவதையும் தாங்குவது அதுதான். கலிப்பர் ரிம்மில் இடிக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அடுத்தது எண்ணெய். டிரம்மிலுள்ள சிறு சிலிண்டருக்குத் தேவைப்படும் எண்ணெயைவிடக் கலிப்பரின் பெரிய பிஸ்டனுக்கு அதிக எண்ணெய் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவைத் தள்ளாவிட்டால் பெடல் தரையைத் தொடும். பெரிய மாஸ்டர் சிலிண்டரைப் போட்டாலோ, மிதிக்க அதிக பலம் வேண்டும். மேலும், டிரம்மில் ஷூக்களுள் ஒன்று சுழலும் கிண்ணத்தாலேயே இழுக்கப்பட்டுத் தானே மேலும் இறுகிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. நம் காலே முழு வேலையையும் செய்யவேண்டும். பழைய வண்டிகளில் இன்னொரு பொறியும் உண்டு. டிரம்முக்காகக் குழாயில் எப்போதும் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று அவற்றில் இருக்கும். அதனை எடுக்காமல் டிஸ்க்கைப் பூட்டினால், காலை எடுத்த பின்னும் பேட்கள் தட்டை விடாமல் உராய்ந்துகொண்டே இருக்கும். வெப்பத்தைக் குறைக்கச் செய்த மாற்றமே வெப்பத்தைப் பெருக்கிவிடும்.

இவற்றிலெல்லாம் நம்மூருக்கு மிக முக்கியமானது கைப்பிரேக். மலைநாட்டில் வண்டியைச் சமதரையில் நிறுத்தும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கிறது? டிரம் பிரேக், நின்ற வண்டியைப் பிடித்து வைப்பதில் மிகவும் வல்லது. டிஸ்க்குக்கு மாறுகிறவர் ஒன்று, கைப்பிரேக் கம்பியை ஏற்கும் நெம்புகோல் உள்ள கலிப்பரைத் தேடவேண்டும். அல்லது நடுவில் சிறு டிரம்மும் அடங்கிய டிஸ்க்கைத் தேடவேண்டும். இவ்விரண்டும் இல்லாத செட்டை, விலை மலிவு என்பதற்காக வாங்கி வருவோர் உண்டு. முதல் வகையில் ஒரு நுட்பமும் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் சூடேறிய டிஸ்க்கைக் கைப்பிரேக்கால் இறுக்கி நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறோம். தட்டு ஆறும்போது சுருங்குகிறது. பேட்டின் பிடி தளர்கிறது. ஆளில்லாத வண்டி தானே உருளத் தொடங்குகிறது. ஆகவே அத்தகைய வண்டியைக் கியரிலும் விட்டு, முன்சில்லை ஓரத்துக்குத் திருப்பி, சில்லுக்குக் கல்லும் வைக்கவேண்டும். எங்கள் தோட்டத்து லொறிச் சாரதிகள் எந்தப் பிரேக்காயினும் கல் வைப்பார்கள். அதைப் பழைமை என்று சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வேலை முடிந்தபின் குழாய்களிலுள்ள காற்றை முற்றாக எடுக்கவேண்டும். முதலில் ஆளில்லாத சமதரையில், மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டிப் பரீட்சித்து, முன்சில்லு முந்தி இறுகுகிறதா என்று வெளியே ஒருவர் நின்று பார்க்கவேண்டும். அதற்கு முன் ரதல்லையில் இறக்கிப் பார்ப்பது பரீட்சையாகாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று. வாடகைக்கு ஆள் ஏற்றுபவருக்கு இது மிகவும் அவசியம். பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ வேண்டாம். முற்கால லைனர்களில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அது நுரையீரலுக்கு நஞ்சு.

என் சொந்தக் காரைப் பற்றி அவர் கேட்டார். அதில் பணம் செலவிடுவதானால் எதை முதலில் மாற்றுவேன் என்பது எனக்கு நன்கு தெரியும். மொரிஸ் மைனரில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து செல்லும் எண்ணெய் வழி ஒன்றே. நான்கு சில்லில் எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கும் போய்விடும். 1885ஆம் ஆண்டில் நானுஓயாவுக்கு வந்த புகையிரதத்தை எண்ணிப் பாருங்கள். நம் பெட்டிகளில் நெடுங்காலம் வழங்கிய வெற்றிடப் பிரேக், குழாய் அறுந்தால் தானாகவே விழுந்து வண்டியை நிறுத்திவிடும். பழைய காரிலோ குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. ஆகையால் என் போன்ற வண்டிக்காரர், டிஸ்க்கை நினைப்பதற்கு முன் இரு வழி மாஸ்டர் சிலிண்டரை நினைக்கவேண்டும். அதற்கு அடுத்தபடியாக டிஸ்க் போடுவதானால், முன்சில்லுக்கே போடவேண்டும்.

என் மாணவரின் காரில் இரு வழியும் உண்டு, முன்னே டிஸ்க்கும் உண்டு. அவரிடம் நான் ஒன்றைக் கேட்டேன்: "தம்பி, பிரேக் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினாய்?" அவர் பதில் கூறவில்லை. வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றவில்லை என்று பின்னர் தெரிந்தது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்னும் தரத்துப் புதிய எண்ணெய் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின்னரோ, 155 பாகையிலேயே அது கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். எண்ணெய் அழுத்தத்துக்கு மசியாது, ஆவி மசியும். பெடல் பஞ்சாவது அப்போதுதான். மழையும் மூடுபனியும் ஓயாத நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது வீண் செலவன்று. பின்னே எத்துணை அழகிய டிஸ்க் இருந்தாலும், கொதித்த எண்ணெய் அதனை அசைக்காது.

பின்பு கியர். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, இறங்குவதற்கும் அதுவே என்று பழைய சாரதிகள் சொல்வார்கள். முதல் வளைவுக்கு முன்னரே கியரைக் குறைத்துவிடவேண்டும். வேகம் பிடித்த பின் குறைக்க முயல்வது பெரும்பாலும் பயன் தராது. ஒட்டோ கியர் வண்டிகளில் டி என்ற எழுத்திலேயே விட்டுவிட்டு இறங்குவோர்தாம் இன்று மிகுதி. எல், பி, 2 என்று அருகே எழுதியிருப்பவை எதற்கென்று அவர்களில் பலர் கேட்டறிந்ததில்லை. பிரேக்கைப் பிடிக்கும்போது, இடைவிடாமல் இலேசாக அழுத்திக்கொண்டே போகாமல், வேண்டிய அளவு உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, முற்றாகக் காலை எடுத்துவிடவேண்டும். காலை எடுத்திருக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் காற்று பிரேக்கைக் குளிர்விக்கிறது.

அந்த வாரமே அவர் எண்ணெயை மாற்றினார். முன்சில்லு பேட்கள் கடதாசி அட்டையளவுக்குத் தேய்ந்திருந்தனவாம், அவற்றையும் மாற்றினார். பின் டிரம்மைத் திறந்து ஷூவைச் சரிசெய்தபோது, ஒரு பக்கத்துச் சிலிண்டர் எண்ணெய் கசிந்து லைனர் ஊறிப்போயிருந்ததைப் பாஸ் காட்டினார். எல்லாவற்றுக்கும் ஆன செலவு பஞ்சிகாவத்தைச் செட்டின் விலையில் பாதிக்கும் குறைவு. டிஸ்க் ஆசை அவரை முற்றிலும் விட்டுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதே காரின் உயர்ந்த ரகத்துக்கென்று அமைந்த பின்அச்சு, கைப்பிரேக் கம்பி, வால்வு, மாஸ்டர் சிலிண்டர் யாவும் ஒன்றாகக் கிடைத்தால் வாங்குவதென்று பணம் சேர்க்கிறார்.

அண்மையில் ஒரு நாள் அவர் காரிலேயே ஹட்டனுக்குச் சென்றேன். நானுஓயாவைத் தாண்டியதும், நான் சொல்லாமலே கியரைக் குறைத்தார். எஞ்சின் உறுமியது. பின்னால் வந்த வான் ஒன்று பொறுமையிழந்து ஹோர்ன் அடித்துக்கொண்டே எங்களை முந்திச் சென்றது. தலவாக்கலையில் வண்டியை நிறுத்தி, இருவரும் இறங்கி, ஒவ்வொரு சில்லின் அருகேயும் புறங்கையைக் கொண்டுசென்று பார்த்தோம். முன்சில்லுகள் சுட்டன. பின்சில்லுகள் ஆறிய தேநீர்க் கோப்பை அளவுக்கே வெதுவெதுப்பாக இருந்தன.